ஜப்பான்காரன் வரைந்த எஞ்சின்

மூன்றாவது கரண்டி பார்லித் தண்ணீரை மரியமுத்து வாயருகே கொண்டுபோனபோது அப்பா உதடுகளை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, எதிர்ச்சுவரோரம் துணி போட்டு மூடியிருந்த டிவியைக் காட்டினார்.

“அதப் போடுடா.”

“மொதல்ல இதக் குடிச்சிருங்கப்பா.”

“போட்டுட்டு வா. குடிக்கிறேன்.”

மரியமுத்து கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான்.

“கேசட்டு சிக்கிக்கிச்சுப்பா. ஓடாது.”

கேசட் சிக்கவில்லை. அண்ணி ழானெத்தும் அவள் மகள் ழனினும் வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறப் போன பிறகு, காலை ஆறே முக்காலுக்கு, அவன்தான் அதை டெக்கிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த, செத்துப்போன அம்மாவின் புடவைகளுக்கு அடியில் வைத்தான். வைத்த பிறகு அலமாரியைப் பூட்டலாமா வேண்டாமா என்று சிறிது நேரம் யோசித்துவிட்டு, பூட்டாமல் வந்தான்.

அப்பா அற்புதராஜ் காரைக்கால்–பேரளம் ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் கரி எஞ்சின் பயர்மேனாக இருந்தவர். இரண்டு வருஷமாக நெஞ்சில் சளியோடு படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டுவது, படுக்கையை மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் மரியமுத்துதான். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எத்தனை கரண்டி கஞ்சி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தான். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். இந்த இரண்டு வருஷத்தில் அப்பா அவனிடம் பேசியதையும் எழுதியிருந்தால் ஒரு பக்கம்கூட நிறைந்திருக்காது. “சரி.” “போதும்.” “ஜன்னலச் சாத்து.”

பிரான்சில் இருக்கும் அண்ணன் யாகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணியும் எட்டு வயது ழனினும் மட்டும் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தார்கள். பிள்ளை அழக்கூடாதென்று அண்ணி தன் தாய் வீட்டிலிருந்து டிவியையும் டெக்கையும் கொண்டுவந்து அப்பாவின் அறையில் வைத்தாள். பிள்ளையிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மைப் படம். ஒரு சிறுமி தன் அம்மாவைத் தேடி, கரி எஞ்சின் இழுக்கும் ரயிலில் மலைமலையாகப் போகிறாள். பேச்சு முழுக்க பிரெஞ்சு.

முதல் நாளே ழனின் அழுதாள். பிரான்சில் கலராக ஓடிய படம் இங்கே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஊர் கேசட்டுக்கு இந்த ஊர் டெக்கில் கலர் வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: “எஞ்சின் கறுப்புதானடி? பொகை வெள்ளைதானே? இன்னும் என்ன கலரு வேணும் ஒனக்கு?”

பிள்ளை அழுகையை நிறுத்தியது. அப்பா தலையைத் தூக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மரியமுத்து முட்டுக் கொடுக்காமல் அவர் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“இந்தா பாரு, கெளம்புறதுக்கு முன்னாடி சிலிண்டர்ல தேங்குன தண்ணிய வெளியில தள்ளுறான். எறக்கத்துல பாரு, பொகையே இல்ல. படம் போட்டவன் எஞ்சின்ல ஏறியிருக்கான். ஏறாம இத வரைய முடியாது.”

அன்றிலிருந்து தினமும் அந்தப் படம்தான். தமிழ் பாதியும் பிரெஞ்சு பாதியுமாகப் பிள்ளை கேட்டது. அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். மரியமுத்து கஞ்சியோடு உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவன் போவதற்காகக் காத்திருப்பது போல இருந்தது. அப்படி இருந்ததா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று அவனுக்கு நிச்சயமில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் மேல் பொறாமைப்படுவது வெட்கமாக இருந்தது. ஜப்பானில் எங்கோ ஒரு மேசை முன் உட்கார்ந்து இதை வரைந்த முகம் தெரியாத ஆளின் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு வெட்கப்படக்கூட அவனால் முடியவில்லை.

அவனுக்குப் பத்து வயதில், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷனுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோனான். எஞ்சின் மேலிருந்து அப்பா கையை நீட்டினார். “ஏறுடா. அம்பகரத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம்.” அவன் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு, “அழுக்காயிடும்பா” என்றான். அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவேயில்லை.

இன்று வீட்டில் யாரும் இல்லை. வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் லீவு சொல்லியிருந்தான். பதினொரு மணிக்கு அப்பாவின் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டு, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அப்பா, எஞ்சின்ல நீங்க என்னல்லாம் செய்வீங்க?”

அப்பா அவனை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம் மட்டும் இருந்தது.

“கரி அள்ளிப் போடுவேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். ஒனக்கு எதுக்குடா அதெல்லாம்?”

மரியமுத்து பவுடர் டப்பாவின் மூடியைத் திருகி மூடினான்.

ஒன்றே முக்காலுக்கு அப்பா கண்ணைத் திறந்தார். “சிக்கெடுத்துட்டியா?”

“கடையில குடுத்துருக்கேன்பா.”

“எப்ப தருவான்?”

“சாயங்காலம்.”

“சாயங்காலம்,” என்றார் அப்பா. நேரத்தை மனதில் குறித்துக்கொள்பவர் போலத் தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பை மரியமுத்துவால் தாங்க முடியவில்லை. போட்டுக் காட்டிவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தான். ஆனால் கடையில் கொடுத்த கேசட் உடனே எப்படி வரும்? நாலு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்து வந்து, கடையிலிருந்து வாங்கி வந்ததாகச் சொல்லிப் போடலாம். நோட்டில் நாலு மணிக்கு நேரே மாத்திரையின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்தான்.

மூன்று இருபதுக்கு, அவன் அடுப்படியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருமல் சத்தம் பாதியில் நின்றது. அவன் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தான். பிறகுதான் ஓடினான்.

ஐந்து மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தார்கள். போலகத்திலிருந்து லூர்தம்மாள் அத்தை வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொழுது சாயும் நேரத்தில் ழானெத் கையில் வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டியோடு வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். ழனின் கால்களுக்கிடையே நுழைந்து உள்ளே வந்தாள். தாத்தாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மரியமுத்துவின் கையைத் தொட்டாள்.

“சித்தப்பா, இன்னிக்குத் தாத்தா படம் பாத்தாரா?”

“இல்ல. கேசட்டு சிக்கிக்கிச்சு.”

மறுநாள் காலை சவப்பெட்டி வந்தது. உபதேசியார் ஜெபமாலை சொல்லி முடித்ததும், அப்பாவோடு எஞ்சினில் ஓடிய டிரைவர் கருப்பையன் பெட்டிக்கு மாலை போட்டுவிட்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

“போன வாரம் வந்தப்ப ஒங்கப்பன் என்னையும் உக்கார வச்சு அந்தப் படத்தக் காட்டுனான் தம்பி. ‘பாருய்யா, ஒன்னயவிட நல்லா ஓட்டுறான் ஜப்பான்காரன்’னான். எனக்குக் கோவம் வந்துடிச்சு.” சிரிக்கப் பார்த்து, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இந்த ஊர்ல ஒரு ஆளு எங்களப் பாத்து, எஞ்சின்ல என்னய்யா செய்றீங்கன்னு கேட்டதில்ல. அந்த ஜப்பான்காரன் யார்ட்டயோ கேட்டிருக்கான் பாருங்க.”

மரியமுத்து, “நான் கேட்டேன்,” என்று சொல்ல வாயெடுத்தான். நேற்றுப் பதினொரு மணிக்குத்தான் கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது.

ழனின் தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ழானெத் அவனிடம் வந்தாள்.

“தம்பி, கேசட்ட எங்க வச்சிருக்கீங்க? தாத்தாவோட பெட்டியில வைக்கணுங்கிறா இவ.”

“அது கடையில...”

“எந்தக் கடை?” என்றாள் அத்தை. “சொல்லுடா, ஆள அனுப்புறேன். பெட்டி மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.”

“இருங்க, பாக்குறேன்,” என்று உள்ளே போனான்.

கதவைச் சாத்திக்கொண்டு புடவைகளுக்கு அடியில் கையைவிட்டு கேசட்டை எடுத்தான். மூடியை விரலால் தூக்கியதும் உள்ளே பழுப்பு நாடா மின்னியது. கொஞ்சம் இழுத்து முறுக்கிவிட்டால் போதும், சொன்னது எல்லாம் உண்மையாகிவிடும். விரல் நகத்தை நாடாவுக்கு அடியில் கொடுத்தான். வெளியே அத்தையின் ஒப்பாரி ஏறி இறங்கியது. இந்த நாடாவில் இருக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தான் அப்பா எழுந்து உட்கார்ந்தார், அது என்னவென்று தனக்கு இன்னும் தெரியாது என்று தோன்றியது. விரலை எடுத்தான்.

“நேத்தே வாங்கிட்டு வந்துட்டேன் போலருக்கு. மறந்துட்டேன் அண்ணி.”

ழானெத் வாங்கிக்கொண்டாள். கேசட்டில் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அவள் அதை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தான்.

“ழனின்,” என்றாள் மெதுவாக. “உள்ள வைக்க வேணாம். சித்தப்பா இன்னும் பாக்கல.”

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்திருந்தவர்கள் சாப்பிட்டுப் போன மத்தியானம், அண்ணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்களுக்குப் பயணம். துக்க வீட்டில் டிவி சத்தம் கேட்கக்கூடாது என்று அத்தை சொன்னதால், மரியமுத்து ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தைப் போட்டான். கட்டிலை எடுத்துவிட்டிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான். ழனின் வந்து பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

எஞ்சின் மலை ஏறியது. சத்தம் இல்லாமல் எல்லாமே வெகு தூரத்தில் நடப்பது போல இருந்தது. மரியமுத்து கண் இமைக்காமல் பார்த்தான். புகை, சக்கரம், பாலம், மறுபடி புகை. இதில் எந்த இடத்தில் அப்பா அவளுக்குச் சொல்வார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லா இடமும் ஒன்று போலவே இருந்தது.

எஞ்சினின் உள்பக்கம் வந்தது. கரி அள்ளுகிறவன் முதுகைக் காட்டி நின்றான்.

“சித்தப்பா, இந்த ஆளு ஏன் ஒரு கால இங்கயும் ஒரு கால அங்கயும் வச்சிருக்காருன்னு தெரியுமா?”

“தெரியும்,” என்றான் மரியமுத்து.

“சொல்லுங்க.”

அவன் திரையைப் பார்த்தான். அந்த ஆளின் இடது கால் எஞ்சின் தகட்டிலும் வலது கால் பின்னாலிருந்த கரி வண்டியின் தகட்டிலும் இருந்தன. இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே குலுங்கின. முழங்கால்கள் ஒன்று மாற்றி ஒன்று மடங்கி நிமிர, இடுப்புக்கு மேலே உடம்பு அசையாமல் இருந்தது. கரி ஒரு துண்டுகூடச் சிந்தவில்லை.

ழனின் படத்தைப் பார்க்கவில்லை. மோவாயை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.