பட்டியலில் ஆறாவது பெயர்

1.

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. புகார் கொடுத்த நால்வரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிராண்டன் நகரில் ஜனவரி மாதத்துச் சிறுமியர் ஐஸ் ஹாக்கிப் போட்டி. எங்கள் ஊரான டாஃபினிலிருந்து எங்கள் பிள்ளைகளின் அணியும் வந்திருந்தது. சனிக்கிழமை காலை நாங்கள் நான்கு தகப்பன்மார் ஹோட்டல் வரவேற்பு மேசைக்குச் சென்று, 214-ஆம் அறைக்கு மட்டும் வைஃபை எப்படி ஒழுங்காக வருகிறது என்று கேட்டோம். மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள்.

"214-லேருந்து யாருமே இன்னும் கனெக்ட் பண்ணலையே சார்."

நாங்கள் நம்பவில்லை. அவள் சொன்னது முழு உண்மை என்று மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஊர் அரங்கின் சிற்றுண்டிக் கடையில், பெற்றோர் முறை வைத்து நிற்கும் இடத்தில், எங்கள் அணிச் சிறுமி ஒருத்தியின் தாய் லோர்னா, ஹாட் டாக் திருப்பிக்கொண்டே சொன்னாள். அவள் சொல்லாதவற்றை நான் எழுதியிருக்கிறேன். எவை எவை என்று பிரித்துக் காட்டப்போவதில்லை.

(முதல் தொடக்கம்: "லோர்னா தன் கணவனைப் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது." கைவிட்டேன். யார் யாரைப் பிரிந்தார் என்பதில் வாக்கியமே தீர்ப்பு எழுதிவிடுகிறது.)

(இரண்டாம் தொடக்கம்: "வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு பாகைக் குளிர்." இதையும் கைவிட்டேன். வானிலையில் தொடங்குவது எங்கள் ஊரில் பேச ஒன்றும் இல்லாதவர்களின் வழக்கம்.)

மூன்றாவது: "லோர்னாவின் கைப்பையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு ரவுட்டர் இருந்தது." இது நிற்கும்.

2.

அந்த ஹோட்டலில் ஓர் அறைக்கு இரண்டு கருவிகளுக்குத்தான் இணைப்பு. மூன்றாவதை இணைத்தால் முதலாவது அறுந்துவிடும். லோர்னாவும் மகள் டெஸ்ஸும் தங்கியிருந்த 212-இல் இரண்டு போன், ஒரு மடிக்கணினி, பள்ளி கொடுத்த டேப்லெட், புத்தகம் படிக்கும் கருவி என்று ஐந்து. ஆகவே லோர்னா அந்தச் சிறிய ரவுட்டரை மட்டும் ஹோட்டலின் வைஃபையில் இணைத்தாள். ஹோட்டலின் கண்ணுக்கு அது ஒரே கருவி. மற்ற ஐந்தும் அதன் முதுகுக்குப் பின்னே நின்றன.

அவள் பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் குறிப்பவள். ஒரே வேலையை இரண்டு முறை செய்வது அவளுக்குப் பிடிக்காது. வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே ரவுட்டருக்கும் வைத்திருந்தாள். எந்த ஊருக்குப் போனாலும் கருவிகள் வீட்டிலேயே இருப்பதாக எண்ணித் தாமே ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மறந்துவிட்டாள். அந்த வீட்டை அறிந்த போன் இன்னொன்றும் இருந்தது. அது சுவருக்கு அந்தப் பக்கம், 214-இல், வெண்டல் பெட்ரிஷினின் சட்டைப்பையில் இருந்தது. வெண்டல் அவள் கணவன்; சட்டப்படி இன்னும்.

(இங்கே ரவுட்டரையும் திருமணத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். ரவுட்டர் ரவுட்டர்தான்.)

வெள்ளிக்கிழமை மாலையே, அரங்கின் வாசலில், அவன் ஒன்று கேட்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம உங்க வண்டியிலயே ஊருக்கு வந்துடட்டுமா? என் ட்ரக்ல கியர்பாக்ஸ் போயிடுச்சு. டுவேன்கூடதான் வந்தேன்."

"திரும்பிப் போக டுவேன் வண்டில எடமில்லையா?"

"எடமிருக்கு."

"அப்புறம்?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

"ரூம காலி பண்றப்ப சொல்றேன்."

டாஃபினுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் முன்னிருக்கையில் அவனை ஒருமுறை உட்காரவைத்துவிட்டால், டெஸ் அதை அப்பா வீடு திரும்புவதாகவே கொள்வாள். தானும் அப்படியே கொண்டுவிடுவோமோ என்பது லோர்னாவின் பயம்.

வெண்டல் குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, வேறு பெண்ணைத் தேடியதில்லை. பதினான்கு ஆண்டுகளாக எல்லாம் தானாக நடக்கிறது என்று நம்பினான். டெஸ்ஸின் பல் மருத்துவர் தேதி தானாகக் குறிக்கப்படும். குளிர்காலத்துக்கு முன் வண்டியின் டயர் தானாக மாறும். அவன் தம்பியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை தானாகப் போய்ச் சேரும். ஒருநாள் லோர்னா இதைச் சொன்னபோது, அவன் உண்மையான வியப்புடன், "நீ சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே" என்றான். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவள் அவனை வேறு வீடு பார்க்கச் சொன்னாள்.

3.

சனிக்கிழமைக் காலையுணவு. வாஃபிள் இயந்திரத்துக்கு முன்னே வரிசை.

எங்கள் நால்வரில் ஒருவனான டுவேன்தான் தொடங்கினான். "நேத்து பொண்ணு கோல் போட்டத அனுப்பலாம்னு பாத்தா, வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது."

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே," என்றான் வெண்டல். "ரூமுக்குள்ள நொழஞ்சேன், தானா வந்துடுச்சு. பாஸ்வேர்டுகூட கேக்கல."

"உனக்கு மட்டும் எப்படிய்யா?"

"மூஞ்சியப் பாத்துக் குடுக்கறாங்கபோல."

"அந்த மூஞ்சிக்கா? வாங்கய்யா, கேட்டுட்டு வருவோம்."

நாங்கள் நால்வரும் வரவேற்பு மேசைக்குப் போனோம். பக்கத்து மேசையில் டெஸ்ஸின் வாஃபிளை வெட்டிக்கொண்டிருந்த லோர்னாவின் கத்தி, "தானா வந்துடுச்சு" என்ற சொல்லில் நின்றது.*

* டெஸ்ஸுக்குப் பன்னிரண்டு வயது. தன் வாஃபிளைத் தானே வெட்டத் தெரியும். லோர்னாவின் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டதால் நான் கொடுத்தேன்.

4.

மதிய ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பினார்கள். டெஸ் கோல்கீப்பர், இருபத்தேழு பந்துகளைத் தடுத்திருந்தாள்.

(பந்து அன்று, ரப்பர் வட்டு. பக். திருத்திக்கொள்ளுங்கள்.)

"அம்மா, நெட் நகரவே மாட்டேங்குது. என் புராஜெக்ட் பாதியிலேயே நிக்குது."

லோர்னா ரவுட்டரின் பட்டியலைத் திறந்தாள். ஐந்து பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தன. டெஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அது அப்பா போன்தானே?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ஹோட்டல் குடுக்குதுன்னு நெனச்சிட்டிருக்காரு. ஊரெல்லாம் பெருமையடிச்சாச்சு."

டெஸ் படுக்கையில் விழுந்து சிரித்தாள். "அப்பான்னா அப்பாதான். கட் பண்ணப் போறியா?"

பெயருக்கு எதிரே தடை செய்வதற்கான பொத்தான் இருந்தது. லோர்னாவின் விரல் அதற்கு அருகில்தான் இருந்தது.

"நான் போயி சொல்லிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். போன்லயே நம்ம வீட்டு வைஃபை பேரு எழுதியிருக்கு. அதையாவது அவரே பாக்கட்டும்."

"சரி, சத்தியமா சொல்லமாட்டேன்."

அறையைக் காலி செய்வதற்குள் அவன் அதைப் பார்த்தால் முன்னிருக்கை அவனுக்கு. இல்லையென்றால் டுவேனின் வண்டி. இதை லோர்னா தனக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று எண்கள் ஓடின. வெண்டலின் போனுக்கு ஏறத்தாழ ஒன்றும் வரவில்லை. அது எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது, பெரிய ஒன்றை. டெஸ்ஸின் புராஜெக்டை வழிமறித்து நின்றது அதுதான்.

எண் ஓட்டம் நின்றது. அடுத்த நொடி லோர்னாவின் போன் அதிர்ந்தது. வெண்டலிடமிருந்து ஒன்பது நிமிட வீடியோ.

"ஜெயிச்சாச்சு. இப்ப பாக்கலாம்."

லோர்னாவால் டெஸ் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கமுடியாது. கோல்கீப்பர்களின் தாய்மார் பலருக்கும் அப்படித்தான். குளிர்பான இயந்திரத்துக்கு அருகே, சுவரைப் பார்த்தபடி நிற்பாள். சத்தத்தை வைத்து யாருக்குக் கோல் என்று ஊகிப்பாள். வெண்டல் வலைக்குப் பின்னால், கண்ணாடியோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு தடுப்பையும் பதிவு செய்வான். தோற்ற ஆட்டத்தை அனுப்பமாட்டான். வென்றதையும், முடிவு தெரிந்த பிறகுதான் அனுப்புவான்.

மூன்று பருவமாக அந்த வீடியோக்கள் வந்துகொண்டிருந்தன. எப்படி வந்தன என்று லோர்னா என்றைக்காவது யோசித்திருப்பாளா என்று ஒரு வாக்கியம் எழுதி

(முடிக்கவில்லை. அவளே அந்த இடத்தில்தான் ஹாட் டாக் திருப்புவதை நிறுத்தினாள்.)

லோர்னா பொத்தானைத் தொடவில்லை. தன் மடிக்கணினியையும் தன் போனையும் அணைத்தாள். பட்டியலில் நான்கு பெயர்கள் மிஞ்சின. டெஸ்ஸின் புராஜெக்ட் ஏறியது.

5.

வெண்டல் மீது எனக்கு ஐயம் உண்டு. வீடியோவைச் சேர்த்து அவனை நல்லவனாக்கிவிட்டேனோ என்று இரண்டு நாள் அந்தப் பகுதியை எடுத்துவைத்தேன். ஆனால் அவன் கண்ணாடியோடு ஒட்டி நிற்பதை நானே பல ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். குளிரில் விரல் வெளுத்துப்போகும், கையுறையைப் போட்டுக்கொண்டால் பொத்தானை அழுத்த வராது. நடந்ததை, கதைக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக நீக்கக்கூடாது. சேர்த்துவிட்டேன்.

இனி முடிவுகள்.

ஒன்று: ஞாயிறு காலை அவன் எதையும் கவனிக்கவில்லை. லோர்னா, "டுவேன்கூடவே போயிடு" என்கிறாள். வாக்கியத்தில் குறையில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

இரண்டு: டெஸ் அவனிடம் சொல்லிவிடுகிறாள். பிள்ளையை வைத்துப் பெற்றோரைச் சேர்த்துவைப்பது கதைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் மோசடி. தவிர, டெஸ் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். இந்த வயதில் வாக்கு அவளுக்குப் பெரிது.

மூன்று: எங்கள் புகாரால் ஹோட்டல்காரர்கள் ரவுட்டரைக் கண்டுபிடித்து அதை

(இல்லை.)

6.

ஞாயிறு, பத்து நாற்பது. பதினொன்றுக்கு அறையைக் காலி செய்யவேண்டும். டெஸ் தன் காப்புக் கவசப் பையை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள். லோர்னா வீடியோவை முந்தின நாள் மூன்று முறை பார்த்திருந்தாள். அதைப் பற்றி அவனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ரவுட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

ஒரு நிமிடம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. மேலங்கியோடு வெண்டல் நின்றான். கையில் இணைப்பு அறுந்த போன். திரையைப் பார்க்கிறான்; அவளைப் பார்க்கிறான்; அவளுக்குப் பின்னால் வெறுமையாக இருக்கும் பிளக் பாயிண்டைப் பார்க்கிறான்.

"லோர்னா," என்கிறான்.

நான் இதுவரைதான் வருவேன். அன்று நானும் என் மகளும் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். அவர்கள் எப்படி ஊர் திரும்பினார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. சிற்றுண்டிக் கடையில் கேட்டிருக்கலாம். அந்த நேரம் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டார்கள், கேட்கவில்லை.

அவன் சொல்லவேண்டிய அடுத்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது. ஐந்து சொற்கள். திருத்தமான வாக்கியம். அவள் சொல்லவேண்டியதும் இருக்கிறது. அது இன்னும் சிறியது. இரண்டையும் இங்கே எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதினால் அவனுக்கு மற்றுமொன்று தானாக வந்ததாக ஆகிவிடும், அவளுக்கும்தான்.

உங்களிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. பதினொன்றுக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.