மீராசாவின் மையத்து வீடு

சனிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து கால் மணி நேரத்தில், கல்முனை பிரதான வீதியில் டியூஷன் வகுப்புகள் நடக்கும் அந்த டியூட்டரியின் மேல்மாடி நிறைந்துவிட்டது. சுல்பிகா முப்பது கதிரைகள் போடச் சொல்லியிருந்தாள். எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தொப்பி அணிந்தபடி, கதிரையில் உட்காராமல், சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பேய்க்கதை வாசகர்கள் இவ்வளவு அடக்கமானவர்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கல்முனைக்குடியில் அவளுக்கு ஒரு சிறிய கொமினிகேஷன் கடை. ஊராரின் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் தட்டச்சு செய்வாள். போட்டோ கொப்பி எடுத்துக் கொடுப்பாள். அதே கணினியில் ஆறு வருடங்களில் மூன்று திகில் நாவல்களை எழுதி, தானே பக்கம் அமைத்து, தானே அச்சுக்குக் கொடுத்து, தபாலில் வாசகர்களுக்கு அனுப்பியிருந்தாள். அட்டையில் மீராசா என்ற பெயர் இருந்தது. 'இருட்டுப் பக்கம்' என்ற வட்ஸ்அப் குழுவில் அவளுடைய வாசகர்கள் இருநூற்று நாற்பது பேர். மீராசா ஒரு ஆண் என்று அவர்கள் தாமாகவே முடிவு செய்து, அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவுமில்லை.

போன மாதம், அட்டாளைச்சேனைத் தேத்தண்ணிக் கடையொன்றில் யாரோ ஒருவர் தான்தான் மீராசா என்று சொல்லி இரண்டு பேரோடு செல்பி எடுத்துக்கொண்டார். அந்தப் படம் குழுவுக்கு வந்தது. நூறு பேர் இதயம் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாலாவது நாவலை நேரில் வந்து அறிமுகம் செய்வது என்று சுல்பிகா தீர்மானித்தாள். இன்று இவர்கள் முன்னால் தான் யாரென்று சொல்லி நம்பவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் இனி யாருடையதாகவும் ஆகிவிடலாம்.

புத்தகப் பெட்டியை மேசையில் வைத்தபோது றினாஸ் வந்தான். குழுவின் அட்மின். போன் திருத்தும் கடையில் வேலை. கண் சிவந்திருந்தது. அக்கா முறையில் அழைத்தான்.

"ராத்தா, நீங்க மீராசா காக்காட சொந்தமா?"

"நான்தான் இண்டைக்குக் கதைக்கப் போற."

"கதைங்க. மனசத் திடப்படுத்திக்கங்க. எப்ப மௌத்தாகின?"

"ஆரு?"

"மீராசா காக்காதான்."

அவன் போனை நீட்டினான். முதல் நாள் இரவு அவள் மீராசாவின் இலக்கத்திலிருந்து குழுவுக்கு அனுப்பிய அறிவித்தல். கறுப்புப் பின்னணி. மேலே வெள்ளை எழுத்தில் 'மீராசாவின் மையத்து வீடு'. அதன் கீழே 'சனிக்கிழமை, அஸருக்குப் பின்', பிறகு இடம். புத்தகத்தின் அட்டையை அவள் அடியில் வைத்திருந்தாள். போன் திரையில் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. படம் இறங்காதவர்களுக்காக யாரோ நல்ல மனதோடு மேல் வரிகளை மட்டும் தட்டச்சு செய்து மற்றக் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். சிலவற்றில் இடமும் விடுபட்டிருந்தது. இந்தக் கரையில் மையத்து வீடு என்றால் பிரேதம் கிடக்கும் வீடு. அஸருக்குப் பின் என்று நேரம் குறித்தால் அது அடக்கம். கீழே வரிசையாக, மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி போட்டிருந்தார்கள். இரண்டு தரம் விரலால் தள்ளியும் அது முடியவில்லை.

"மையத்து வீடு எண்டது புத்தகத்துட பேர், தம்பி."

"அப்ப மௌத்தாகினது ஆரு?"

"ஆரும் மௌத்தாகல்ல."

"மௌத்தான ஆளுட நம்பர்ல இருந்தே வந்திச்சி, புள்ளைகள் ஆரும் போட்டிரிப்பாங்க எண்டு நான் நினைச்ச," என்றான் றினாஸ். அவன் முகம் இன்னும் துக்கத்திலேயே இருந்தது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவரோரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பொறுமை இழந்து கேட்டார். "மையத்து எங்க வச்சிரிக்கி? பள்ளிவாசலுக்குக் கொண்டு போயிட்டாங்களா?"

சுல்பிகா மைக்கை எடுத்தாள். ஸலாம் சொன்னாள். யாரும் இறக்கவில்லை என்றும், இது ஒரு நாவலின் தலைப்பு என்றும் சொன்னாள். தொப்பிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கிதாபுக்கு வைக்கிற பேரா இது?" என்று பெரியவர் ஏசிக்கொண்டு படியிறங்கினார். அவர் பின்னால் பதினைந்து இருபது பேர் போனார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி வந்துவிட்டதைக் கண்டு நின்றுவிட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த மசூர் எழுந்தான். கணித ஆசிரியர். குழுவில் அவனைப்போல நீளமாக எழுதுபவர் வேறு யாருமில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப மீராசா எங்க?"

"நான்தான்."

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. "ராத்தா, பகிடி உடாதீங்க," என்றான் மசூர், மரியாதையாகவே.

இரண்டாம் வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "பொஞ்சாதியாத்தான் இரிக்கும். பாவம், மண்டை குழம்பிட்டு. புருசன் மௌத்தாகி இத்தாக் காலத்துல நாலு மாசம் பத்து நாள் ஊட்டுக்குள்ள இரிக்காம இப்பிடி வெளிய வந்து நிக்கலாமா?"

"நான் ஆருட பொஞ்சாதியும் இல்ல," என்று சுல்பிகா மைக்கில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சத்தமாகக் கேட்டதென்று உணர்ந்தாள். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து றினாஸிடம் கொடுத்தாள். "இத வாசிங்க."

"மீராசா சுல்பிகா," என்று றினாஸ் வாசித்தான்.

இங்கே தகப்பன் பெயர் முன்னால் வரும். மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொண்டது.

"மகளா நீங்க!" என்றான் மசூர். "சுபஹானல்லாஹ். வாப்பாட எழுத்த மகள் கொண்டு வாறது நல்ல விசயம்." யாரோ கைதட்டினார்கள்.

"வாப்பா எழுதல்ல. என்ட பேர்ல முன் பாதிய எடுத்துத்தான் நான் போட்ட."

"வாப்பா இப்ப...?"

"ஊட்ட இரிக்காங்க. உசிரோட."

இந்த முறை கைதட்டல் பலமாக இருந்தது. மீராசா உயிரோடு இருக்கிறார் என்று பின்னால் ஒருவன் போனில் யாருக்கோ சொன்னான்.

"அவங்க கடிதம்கூட எழுதமாட்டாங்க," என்றாள் சுல்பிகா. "மாவடிப்பள்ளில வயல் செய்றாங்க."

"அதான் பாருங்க!" மசூர் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "வயல் செய்யாத ஆளுக்கு வட்டவிதானைட கத எப்பிடித் தெரியும்?"

'வட்டவிதானை' அவளுடைய முதல் நாவல். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஒருவர் இறந்த பிறகும் ஒவ்வொரு போகத்திலும் வந்து மதகைத் திறக்கிறார். அந்தக் கதையைப் பத்து வயதில் வாப்பாவின் சைக்கிளில் போகும்போது வரம்புகளைப் பார்த்துப் பார்த்து அவள் உண்டாக்கியது. அதைச் சொன்னால் வாப்பாதான் கதையைச் சொன்னார் என்று ஆகிவிடும். எதைச் சொன்னாலும் அது உண்மையாக இருந்தது. ஒவ்வொரு உண்மைக்கும் அவள் அந்தப் பெயரிலிருந்து ஓரடி தள்ளிப் போனாள். புத்தகப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அதை மசூர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "சரி, ராத்தா. நீங்கதான் எழுதின எண்டே வச்சிக்குவம். அஞ்சு துணி ஏன்? அத மட்டும் சொல்லுங்க."

குழுக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். நற்பிட்டிமுனையிலிருந்து வந்திருந்த வினோஜா கையை உயர்த்தினாள்.

"அண்ணா, நானும் அந்தக் கதைய ரெண்டு தரம் வாசிச்சன். அஞ்சு துணி எண்டா என்ன பிழை எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல."

"எங்கட ஆக்கள்ல ஆம்பிளை மையத்துக்குக் கபன் துணி மூணு, தங்கச்சி. பொம்பிளைக்கு அஞ்சு. கதைல வட்டவிதானைக்கு அஞ்சு துணி சுத்துறாங்க. ஏன்? பெட்டிக்குள்ள போனது அவர் இல்ல, அவருட பொஞ்சாதி. அப்ப மதகத் திறக்கிற பேய் ஆரு? நாப்பத்தோராம் பக்கத்துல ரெண்டு வரி வெறுமையா உட்டிரிக்கார். அது அந்தப் பொம்பிளைட மௌனம். நான் ஒம்பது பகுதி எழுதியிரிக்கன்."

சுல்பிகா அந்த ஒன்பது பகுதிகளையும் வாசித்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் மீராசாவின் இலக்கத்திலிருந்து ஒரு புன்னகை முகம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

"அது பிழை," என்றாள்.

"எது?"

"அஞ்சு எண்டது. என்ட பிழை. மையத்துக் குளிப்பாட்டுற சித்தி லைலா எண்டவங்களோட நானும் போற. எங்கட பகுதில பொம்பிளை மையத்தெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான். ஆம்பிளை மையத்துக்கு ஒரு நாளும் நான் துணி சுத்தின இல்ல. மூணு எண்டு தெரியும். எழுதக்குள்ள கை பழக்கத்துல அஞ்சு எண்டு போட்டுட்டு."

மசூர் தன் பைக்குள் கையை விட்டான்.

"அந்த ரெண்டு வரி இடத்துல, தலமுடிய மூணாப் பின்னி முதுகுப் பக்கம் போட்டாங்க எண்டு எழுதியிருந்த. பொம்பிளைக்குத்தான் அப்பிடிச் செய்ற. அச்சுக்குக் குடுக்கிற அண்டைக்குத்தான் கண்ட. அவருக்குப் பின்னல் எங்க இரிக்கி? அந்த வரிய வெட்டின. மறுகா அங்கால நூறு பக்கமும் நகர்ந்து போகும் எண்டு இடத்த அப்பிடியே உட்ட. அஞ்ச மாத்த மறந்துட்டன்."

மசூர் தன் பையிலிருந்து 'வட்டவிதானை'யை எடுத்தான். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்த பிரதி. நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து, வெறுமையாக இருந்த இரண்டு வரியை விரலால் அளந்தான். மேல் வரியை வாய்க்குள் வாசித்தான். பின்னல் வசனத்தை நடுவில் சேர்த்தான். கீழ் வரிக்குப் போனான். பொருந்தியது. அது அவன் முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்தப் பேய்?" என்று வினோஜா கேட்டாள்.

"ஆம்பிளைதான்," என்றாள் சுல்பிகா.

வினோஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒம்பது பகுதி, அண்ணா!"

"சிரிக்காதீங்க, தங்கச்சி," என்றான் மசூர். பிறகு சுல்பிகாவைப் பார்த்தான். "நீங்கதான் எழுதின. விளங்கிட்டு. ஒரு பொம்பிளை மட்டும்தான் இந்தப் பிழைய உட ஏலும். ஆனா என்ட விளக்கம்தான் நல்லம்."

"ஓம்," என்றாள் அவள். உண்மையும் அதுதான். "என்ட கதைய விட உங்கட கத நல்லம்."

அவன் அதைப் பாராட்டாக எடுப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்தான். நம்புவதா விடுவதா என்று மற்றவர்கள் மசூரைப் பார்த்தார்கள். அவன் தலையசைத்தான். அதன் பிறகும் சிலருக்குத் தெளியவில்லை. சுல்பிகா பெட்டியைத் திறந்து, புதிய நாவலை உயர்த்திக் காட்டி, முதல் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். துக்கத்துக்கு வந்தவர் ஒருவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. வாப்பா. இரண்டு தரம் வெட்டினாள். மூன்றாம் தரமும் அடித்தது. மைக்கை மேசையில் வைத்துவிட்டு எடுத்தாள்; அவசரத்தில் விரல் பட்டு போனின் ஸ்பீக்கரும் திறந்துகொண்டது. மைக் அணைக்கப்படவில்லை.

"மகள், எங்க நிக்கிறாய்? ஊட்ட ஆக்கள் நிறைஞ்சி கிடக்கு. பள்ளில இருந்து சந்தூக்கும் தூக்கிட்டு வந்திட்டாங்க. நான் போய்க் கதவத் திறந்த. ஒரு மனிசன் என்னைக் கண்டு கத்திட்டு ஓடிட்டான்."

சந்தூக்கு என்ற சொல் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. பிரேதத்தைச் சுமக்கும் பெட்டி. துக்கத்துக்கு வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வாப்பா, அவங்கள அனுப்பிருங்க. நான் வந்து சொல்றன்."

"என்னத்தச் சொல்லி அனுப்புற? போன்ல காட்டுறாங்க. மீராசாட மையத்து வீடாம். நான் எனக்கு ஒண்டும் இல்ல எண்டு சொல்றன், கையத் தொட்டுப் பாக்குறாங்க. ஆரு மகள் இந்த மீராசா?"

ஆறு வருடங்களாக இந்தக் கேள்விக்கு அவள் பல பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். மசூர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான், வாப்பா."

அந்தப் பக்கம் சீமெந்துத் தரையில் பாரமான எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் ஆரு?" என்று வாப்பா கேட்டார்.