கடைத்தெருவுக்கு முதுகு காட்டும் நீதிமன்றம்

லொடீமா ஊரின் மரத்தால் கட்டிய நீதிமன்றம் கடைத்தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வரி கட்ட வருகிறவர்களும் கல்யாணத்தைப் பதிய வருகிற ஜோடிகளும் சுற்றிப் போய், வயல்காட்டைப் பார்த்த வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த மாவட்டத் தலைநகரில் யாருக்கும் இது வினோதமாகப் பட்டதில்லை, லியோனா ஹ்ருஸ்காவைத் தவிர. ஒமாஹா பட்டணத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். குழாய் ரிப்பேர் பார்ப்பவள். மூடியிருப்பது எதுவானாலும் திறந்து பார்த்தாக வேண்டும் அவளுக்கு.

காபிக்கடையில் விசாரித்தாள். "அந்தக் காலத்துல ரயிலடி அந்தப் பக்கம்" என்றாள் கடைக்காரி. "வாடைக்காத்துக்குப் பயந்து" என்றார் முடிவெட்டுகிறவர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்ல் டிட்மர் மட்டும் எரிந்து விழுந்தார். "வாசல் எங்கிட்டு இருந்தா ஒனக்கென்னம்மா? குழாய் ஒழுகுதா?"

ஜனவரிக் குளிரில் குழாய் நிஜமாகவே வெடித்தது. தரைக்கு அடியில் ஊர்ந்து போன லியோனா டார்ச் அடித்துப் பார்த்தாள். கட்டடத்தின் உத்தரங்கள் உருட்டுக்கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தன. கரைக்கு இழுத்த படகுக்கு அடியில் கிடக்குமே, அதுபோல. பக்கத்தில் துருப்பிடித்த சங்கிலி.

அவளுக்கு அடுத்த ஊரான பிரென்டிஸ் ஞாபகம் வந்தது. அங்கே ஊர் நடுவில் கட்டடமே இல்லாத ஓர் அஸ்திவாரம் இருக்கிறது. மறுநாளே போய், எதிரே தீவனக்கடை வைத்திருக்கும் ஆர்வில் டப்ஸிடம் கேட்டாள்.

"எங்க கோர்ட்டு நின்ன எடம்" என்றார் அவர். "ஆம்பளைங்கல்லாம் சந்தைக்குப் போன நாளாப் பாத்து, மாடு பூட்டி இழுத்துட்டுப் போயிட்டான் ஒங்க ஊர்க்காரன். கோர்ட்டு இருக்குற ஊர்தானே தலைநகரு?"

"அப்ப வாசல ஏன் கடைத்தெருப் பக்கமாத் திருப்பி வைக்கல?"

"எங்காளுங்க தொரத்திட்டு வந்துட்டாங்கல்ல! போட்டது போட்டபடி நின்னுருச்சு. வாசல் இன்னும் எங்க ஊரத்தான் பாக்குது. நாங்க சொன்னா எவன் நம்புறான்?"

"நீங்களே வந்து பாருங்க."

லொடீமா நீதிமன்றத்தில் மெர்ல் வழிமறித்தார். "பிரென்டிஸ்காரனா? அடியில விடமாட்டேன்."

"ஏன், ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் லியோனா.

அவர் முகம் சிவந்தது. "எங்க தாத்தாதான்ம்மா முன்மாட்ட ஓட்டுனாரு. இதையெல்லாம் வெளிய சொல்லலாமா?"

ஆர்வில் அதற்குள் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தவர் மெதுவாகக் கேட்டார். "ஒரே ஒரு கட்டை தருவீங்களா? எங்க அஸ்திவாரத்துல வைக்கணும்."

"உருவுனா சாஞ்சுரும்" என்றார் மெர்ல்.

லியோனா மறுபடி உள்ளே போய் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். ஓரத்துக் கட்டை ஒன்று எதையும் தாங்காமல் சும்மா கிடந்தது. அதை வெளியே தள்ளினாள். மெர்ல் முனகிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார். மூவருமாக ஆர்வில் வண்டியில் ஏற்றினார்கள்.

"அடுத்த தடவ கட்டடத்தையே இழுத்துட்டுப் போக வருவேன்" என்றார் ஆர்வில்.

"வாய்யா, வா. மாட்ட மட்டும் நீயே கொண்டாந்துரு" என்றார் மெர்ல்.

வண்டி போனபிறகும் லியோனா நகரவில்லை.

"மெர்ல், அந்த மாடுங்களுக்குப் பேரு வச்சிருந்தாங்களா?"

அவர் அவளை முறைத்தார். பிறகு படிக்கட்டில் கிடந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "ரெண்டோட பேருதான் தெரியும்" என்று ஆரம்பித்தார்.