உள்ளிருந்து திறக்காத கதவு

ஆசைக்கு வயது இல்லை என்று சொல்வார்கள். ரெங்கசாமியின் ஆசைக்கு வயது உண்டு, சரியாக முப்பத்தைந்து. கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிளில் கம்பெனிக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் டெஸ்பாட்ச் வேலை பார்த்த காலத்தில், ஒரு முதலாளியின் கட்டட வாசலில் சிவப்பு டொயோட்டா செலிக்கா ஒன்று நிற்கும். இரண்டே கதவு. விளக்கைப் போட்டால் முன்னால் இரண்டு இமைகள் எழும்பும். அணைத்தால் தூங்கப்போகிற பிள்ளை மாதிரி மூடிக்கொள்ளும். ரசீதில் கையெழுத்து வாங்கிய பிறகும் ரெங்கசாமி அங்கேயே ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

இப்போது அவருக்கு அறுபது. பிரிக்பீல்ட்ஸில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி எனக்கென்று ஒரு கார் என்று கிளம்பியவர் மூன்று மாதமாய் அலைந்தார். பழைய கார்தான் வேண்டும், ஆனால் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அடிபட்ட கார் மட்டும் வேண்டாம். அடிபட்ட காரில் அடிபட்டவரின் மூச்சு தங்கியிருக்கும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, "ஆக்சிடென்ட் கார் இல்லையே?" என்பதுதான். சொல்லை நம்பாமல், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தையும் கூடவே கொண்டுபோவார். தகடு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும். அடிபட்ட பள்ளத்தில் பட்டி அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாது, விழும்.

அம்பாங்கில் பார்த்த காரில் காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. கூட வந்த மனைவி குமுதா அந்த வியாபாரிக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "உங்க தலைக்கு மை பூசுற மாதிரி இவரும் காருக்குப் பூசியிருக்காரு. ரெண்டு பேருக்கும் பொருத்தம்தான், வாங்கிக்குங்க."

அப்புறம்தான் கிள்ளானிலிருந்து அந்த விளம்பரம் வந்தது. சிவப்பு செலிக்கா, ஒரே உரிமையாளர், கேரேஜில் நின்ற வண்டி. படத்தில் நம்பர் பிளேட்டை எல்லோரும் மறைப்பதுபோல ஒரு துவாலையால் மறைத்திருந்தார்கள். ரெங்கசாமி வாட்ஸ்அப்பில் வழக்கமான கேள்வியை அனுப்பினார். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் வந்தது: "நேரில் வாருங்கள். சொல்கிறேன்."

அவருடைய போன் நம்பரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் கடைசி நாலு இலக்கம் 6917. அவர் ஓட்டுகிற வேனுக்கும் அதே நம்பர்தான். கடைச் சுவரில் முருகன் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய ரசீதுத் துண்டு இருக்கும். அதன் முதுகில் நீல மையில் 6917, கொஞ்சம் கரைந்து கசிந்தபடி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பத்துமலையில் பால்குடம் எடுத்துவிட்டுப் படியோரம் கண்ணயர்ந்தபோது முருகனே கனவில் வந்து சொன்ன நம்பர் அது, அவசரமாய் எழுதும்போது குடத்துப் பால் சிந்தி மை கரைந்துவிட்டது என்பது ரெங்கசாமி சொன்ன கதை. அந்தச் சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் அதற்கு முதல் பரிசு விழுந்தது. கடை அதில் வந்ததுதான். குமுதா வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சட்டத்துக்கு மல்லிகை வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். கார் பிடித்துவிட்டால் சக்கரத்துக்கு வைக்க வேண்டுமே என்று குமுதா கைப்பையில் நாலு எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டாள்.

வரிசை வீடு ஒன்றின் கேட்டைத் திறந்தவர் மீனலோசனி. அறுபதைத் தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மாள். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

"வாங்கோ. வெயிலிலை நிக்காதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ. கார் அங்கைதான் நிக்குது, உறையை நீங்களே எடுங்கோ."

ரெங்கசாமி கல்யாண வீட்டில் பரிசுப் பொட்டலம் பிரிக்கிற பிள்ளை மாதிரி உறையைப் பின்பக்கத்திலிருந்து உருவினார். சிவப்பு மின்னியது. அதற்குக் கீழே நம்பர் பிளேட்.

6917.

"ஐயோ முருகா," என்று குமுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏங்க, பாத்தீங்களா? நம்ம நம்பருங்க. சாமியே வழி காட்டியிருக்குலா."

உறையின் நுனி ரெங்கசாமியின் கையிலேயே இருந்தது. மழையில் பார்த்த கார் வெள்ளை, இது சிவப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நம்பரைக் கழற்றி வேறு காருக்கு மாற்றிக்கொள்வது இந்த ஊரில் நடக்கிறதுதானே. இது அந்தக் கார் இல்லை. அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

அவர் காந்தத்தை எடுத்தார். டிக்கி மூடியில் வைத்தார், ஒட்டியது. இடது பக்கம் முழுக்க ஒட்டியது. கூரையில் ஒட்டியது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒரு மூச்சு விட்டார். வலது கதவில் ஒட்டியது. கதவுக்கு முன்னால், சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டில் வைத்தார். மஞ்சள் துணியோடு காந்தம் சிமென்டுத் தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"ஏக்கா, அடிபட்ட காரா?" என்றாள் குமுதா.

"ஓம், அடிபட்டதுதான். ஒளிக்க ஒண்டுமில்லை. அப்ப வெள்ளை. பிறகுதான் சிவப்பு அடிச்சனான்." மீனலோசனி ஓட்டுநர் கதவைத் திறந்து காட்டினார். "இந்தக் கதவையும் சொல்லிப்போடுறன். உள்ளுக்கிருந்து திறக்காது. எத்தினை பேர் பாத்தும் சரிவரேல்லை. கண்ணாடியை இறக்கி, கையை வெளியிலை விட்டுத்தான் திறக்கோணும். அண்டைக்கு இதுக்குள்ளைதான் மாட்டுப்பட்டனான்."

"பெரிய அடியாக்கா?"

"பெடரல் ஹைவேயிலை ஒரு சனிக்கிழமை பின்னேரம். கொட்டுற மழை. பாலத்து ஓரத் தூணிலை போய் இடிச்சிட்டன், கார் பாதி மழைக்குள்ளை. மழைக்கு ஒதுங்கின மோட்டார் சைக்கிள்காரர் இருபது பேர் பாலத்துக்குக் கீழை நிண்டவை. கால் மடங்கிப் போச்சு, கதவு திறக்கேல்லை. எல்லாரும் ஓடி வந்தினம். அப்பாடா எண்டு நினைச்சன். வந்து காருக்கு முன்னாலை குனிஞ்சு பாத்தினம். என்னையில்லை, நம்பர் பிளேட்டை."

குமுதா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஊருல எங்க வண்டி மோதினாலும் இதே கூத்துதான்க்கா. ஆள் செத்தாலும் அந்தக் கார் நம்பர லாட்டரியில கட்ட நம்பர் கடைக்கு ஓடுவானுங்க. இவனுங்கள்லாம் சோறுதான் திங்கிறானுங்களா?"

ரெங்கசாமி காந்தத்தைத் துணியில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"அதிலை ஒருத்தர்," என்றார் மீனலோசனி. அவர் கோபமாய்ச் சொல்லவில்லை. பலமுறை பலருக்குச் சொல்லிப் பழகிய கதையைச் சொல்வதுபோல மெல்லச் சிரித்துக்கொண்டே சொன்னார். "மஞ்சள் மழைக்கோட்டு. தலையிலையிருந்த ஹெல்மெட்டைக் கழட்டி, தன்ரை தலையை நனையவிட்டுட்டு, காகிதத்துக்குக் குடை மாதிரிப் பிடிச்சு எழுதினார். அவ்வளவு கவனம். எண்டாலும் அந்த மழைக்கு மை கரையாமல் இருந்திருக்குமே?"

குமுதாவும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. நம்பர் பிளேட்டையே பார்த்தாள்.

"காருக்கு விலை கேட்டு பதினொரு பேர் எழுதினவை," என்று மீனலோசனி தொடர்ந்தார். "உங்கடை போன் நம்பரைப் பாத்தன். கடைசி நாலு இலக்கத்தைப் பாத்திட்டு ஒரு நாள் முழுக்கப் பதில் எழுதேல்லை. அண்டைக்கு எழுதினவையிலை ஒராள்தான் இந்த நம்பரை இவ்வளவு காலம் வைச்சிருப்பார் எண்டு பட்டது. பிறகு உங்களை மட்டும்தான் வரச் சொன்னனான்."

கேட்டுக்கு வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. குமுதாதான் பேசினாள், அதுவும் தனக்குத்தானே சொல்வதுபோல.

"பால் சிந்திக் கரைஞ்சதுன்னுதானே சொன்னீங்க."

அவர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை தவறாம பூ வெச்சேனே."

மீனலோசனி கார்ச் சாவியை பானெட்டின் மேல் வைத்தார். "சண்டைக்குக் கூப்பிடேல்லை. போலீசுக்கும் போகேல்லை, பயப்பிடாதேங்கோ. எனக்கு ஒண்டே ஒண்டுதான் தெரியோணும். அண்டைக்கு எனக்கு நல்ல நினைவில்லை. கையை அசைக்கோணும் அசைக்கோணும் எண்டு நினைச்சது மட்டும் ஞாபகம். அசைச்சனானோ தெரியாது. நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். சொல்லுங்கோ, நான் கையை அசைச்சனானா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். ரெங்கசாமி அதை இருபத்திரண்டு வருடமாய்த் தயாராக வைத்திருந்தார். ஆள் செத்துப்போய்விட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று இரவெல்லாம் தனக்குத் தானே சொல்லி, சொல்லிச் சொல்லி அதையே நம்பியும் இருந்தார். சொன்னால் குமுதாகூட ஒருநாள் ஏற்றுக்கொள்வாள். செத்தவளை விட்டுப் போனவன் வேறு, உயிரோடு இருந்தவளை விட்டுப் போனவன் வேறு.

ஆனால் அந்தக் கண்ணாடி இப்போது அவர் எதிரிலேயே இருந்தது. அதற்குப் பின்னால் ஐந்து விரலும் விரிந்து ஒட்டி வெளுத்த உள்ளங்கையை அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"அசைச்சீங்கக்கா," என்றார். "கண்ணாடியில தட்டினீங்க. மூணு தரம். என்னையத்தான் பாத்தீங்க. மணி ஆறேகால். நம்பர் கடைய ஏழு மணிக்குச் சாத்திருவான். வேற யாராவது பாத்துக்குவாங்கன்னு நான் வண்டிய எடுத்துட்டேன்."

மீனலோசனியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே மட்டும் ஏதோ இடிந்து விழுந்த வீடு மாதிரி ஆயிற்று அந்த முகம்.

"அசைச்சனானா," என்றார். "நான் அசைக்கேல்லையெண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சன். அசையாமல் கிடந்தபடியால் செத்திட்டாள் எண்டு நினைச்சிருப்பினம், பாவங்கள், அவையிலை பிழையில்லை எண்டு சொல்லிச் சொல்லி எல்லாரையும் விட்டிட்டன். பிறகு ஒரு சீனத்து லோரிக்காரர் இரும்புக் கம்பியோடை வந்து கதவைப் பிளந்தார். அந்த மனுசன்தான் நான் உயிரோடை இருக்கிறதைக் கண்டது எண்டு நினைச்சன்." அவர் ரெங்கசாமியை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கண்டிருக்கிறியள்."

ரெங்கசாமி கும்பிட்டார். கும்பிட்ட கைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கினார். குமுதா அவரைத் தொடாமல் ஓரடி விலகிச் சுவரோரம் நின்றாள். அவள் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று விழுந்து உருண்டு, காரின் முன்சக்கரத்தை இடித்து நின்றது. அதை யாரும் எடுக்கவில்லை.

மீனலோசனி இருவரையும் பார்க்காமல் காரைச் சுற்றி நடந்தார். கால் முன்பைவிட அதிகமாய் இழுத்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, இழுத்துச் சாத்திக்கொண்டார். கண்ணாடி ஏற்றியிருந்தது. சாவி வெளியே, பானெட்டின் மேல் கிடந்தது.

அவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தார். தோள்கள் குலுங்கின. உள்ளே அழுகிற சத்தம் வெளியே கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். மூடிய காருக்குள் எவ்வளவு புழுங்கும் என்று குமுதாவுக்குத் தெரியும்.

ரெங்கசாமிக்கு ஓடிவிடத் தோன்றியது. சத்தியமாய்த் தோன்றியது. கேட் திறந்துதான் இருந்தது, வேன் வாசலில்தான் நின்றது.

அப்போது அந்தக் கை எழும்பியது. உள்ளங்கை கண்ணாடியில் பட்டு விரிந்தது. ஒரு தட்டு. அதிகச் சத்தமில்லை.

இரண்டாவது தட்டுக்கு முன் ரெங்கசாமி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. "இறங்குங்கக்கா," என்று கையை நீட்டினார். மீனலோசனி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி இருந்தார்.

"கொஞ்ச நேரம் இருந்திட்டு இறங்கிறன்," என்றார். "நீங்கள் கதவைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

ரெங்கசாமி பிடித்துக்கொண்டு நின்றார்.