அமோஸ் டட்டிலின் தாள்கள்

யோகலட்சுமி வேலை பார்த்த அலுவலகம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. ஏசிக் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று சன்னல்களை அடைத்து நீலத்தாள் ஒட்டியிருந்தார்கள். ஆடிச் சாரலுக்கு அருவி நோக்கிப் போகிற வேன்களின் பாட்டுச் சத்தம் கீழே ஓடிக்கொண்டிருக்கும். மேலே பதினெட்டுப் பேர், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் ஒரு நூலகம், அந்தக் காலத்து வக்கீல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வந்த கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் படமெடுத்து அனுப்பியிருந்தது. கையெழுத்தைப் பார்த்து, பிழை இருந்தால் பிழையோடு, அப்படியே தட்டவேண்டும். ஒரே கடிதத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைக் கணினி சிவப்பாகக் காட்டும். ஒருத்தி சொல்லி மற்றவள் தட்டிவிடக் கூடாது என்பதால், கடிதத்தில் இருப்பதைப் பற்றி இருவரும் மூச்சுவிடக் கூடாது. ஒருத்தி முடித்தால் பெட்டி மூடாது. இரண்டு பேரும் முடித்தால்தான் மூடும்.

யோகலட்சுமிக்கு ஜோடி அஃப்ரின். மேலகரத்துக்காரி, கணவன் ஆசிப் சவுதியில், தம்மாமில் இருந்தான். அவளையும் அங்கே கூட்டிக்கொள்ள ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு அவளுடைய கல்லூரிச் சான்றிதழின் அசல் வேண்டும்.

யோகலட்சுமி ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்ப்பாள். மூன்றாவது தடவையும் சந்தேகம் போகாது. இந்தச் சந்தேகப் புத்தியை வைத்துக்கொண்டு எங்கே உருப்படப் போகிறோம் என்று தன்னையே நொந்துகொள்வாள். ஆனால் அலுவலகத்திலேயே சிவப்பு குறைவாக விழுவது அவள் பக்கத்தில்தான். அதுவே அவளுக்கு வினையாக வந்தது; அப்படிப்பட்டவளை விட முதலாளிக்கு மனமில்லை.

தன் ஊரான குத்துக்கல்வலசையிலிருந்து சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்து, அரசு இளநிலை உதவியாளர் பரீட்சையில் தேறிவிட்டாள். திங்கட்கிழமை காலை சென்னையில் அசல் சான்றிதழ்களைக் காட்டவேண்டும். காட்டாதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அசல்களோ முதலாளி சிவனணைந்தபெருமாளின் பீரோவில் கிடந்தன. பாதியில் ஓடிவிடக் கூடாது என்று, வேலைக்குச் சேர்கிற எல்லோரிடமும் அவர் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்.

அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்டபோது, பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே என்றார். இரண்டாம் தடவை, எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் முறை என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். வாங்கி, துளையிட்டு, கோப்பில் சேர்த்துக்கொண்டார். அப்படி நாலு விண்ணப்பம் போய்விட்டது. நாலாவதில் தன் ஆங்கிலம் மரியாதைக் குறைவாக இருந்திருக்குமோ என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் பதினாலாம் பெட்டியில் அமோஸ் டட்டில் வந்தான்.

பெட்டி எப்ரைம் லாட்ராப் என்ற வக்கீலுடையது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஊரில் உள்ளவனெல்லாம் வேலை கேட்டு அவருக்கு எழுதியிருந்தான். டட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வாஷிங்டனில் எழுத்தர் வேலைக்குச் சிபாரிசு செய்யும்படி கேட்டு, தன் நன்னடத்தைக்கு ஒரு நீதிபதியும் ஒரு பாதிரியாரும் பள்ளித் தலைவரும் கொடுத்த கடிதங்களை அசலாகவே அனுப்பியிருந்தான். வேலை கிடைக்கவில்லை. அசல்களைத் திருப்பி அனுப்புமாறு மார்ச் மாதம் எழுதினான். ஏப்ரலில் எழுதினான். மேற்கே வேறொரு ஊரில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள், அந்தத் தாள்கள் இல்லாமல் என்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று ஜூனில் எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் வணக்கம் கூடிக்கொண்டே போனது.

லாட்ராப்பின் குமாஸ்தா ஒவ்வொரு கடிதத்தையும் நீளவாக்கில் மடித்து, முதுகில் பெயரும் தேதியும் விஷயமும் குறித்திருந்தான். ‘டட்டில். தாள்களைக் கேட்கிறார். கோப்பில் வைக்கவும்.’ அதையும் அவள் தட்டினாள்.

ஆறாவது கடிதத்தை முடித்தபோது, அடுத்தது நன்றிக் கடிதமாகத்தான் இருக்கும் என்று யோகலட்சுமிக்குத் தோன்றியது. அவ்வளவு பெரிய மனுஷர், எத்தனை நாள் வைத்துக்கொள்வார்?

சனிக்கிழமை காலை நூற்று எண்பத்தேழாவது படத்தைத் திறந்தாள். புதுக் கையெழுத்து. நீதிபதி ஒருவர், அமோஸ் டட்டில் என்ற இளைஞனைத் தமக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும் என்று எழுதியிருந்தார். அடுத்த படத்தைப் பார்த்தாள். பாதிரியார். அதற்கடுத்தது பள்ளித் தலைவர். மூன்றையும் சேர்த்துக் கட்டிய நாடாவின் தடம்கூட ஓரத்தில் பழுப்பாக இருந்தது.

நல்லவேளை, கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. பிறகுதான் உறைத்தது. அவன் கையில் கிடைத்திருந்தால் இந்தப் பெட்டியில் எப்படி இருக்கும்? இத்தனை வருஷமும் அவை வக்கீலின் கோப்பிலேயே கிடந்திருக்கின்றன. யாரும் தொலைக்கவில்லை, கிழிக்கவில்லை. அவ்வளவு பத்திரம்.

அவள் தடுப்பின் ஓரமாகக் குனிந்தாள். சேர்ந்ததிலிருந்து ஒருநாளும் செய்யாத காரியம்.

“ஏட்டி, நூத்தி எம்பத்தேழு பாத்தியா?”

அந்தப் பக்கம் தட்டல் நின்றது.

“பாத்தேன். குடுக்கவே இல்லைளா அந்த வக்கீலு” என்றாள் அஃப்ரின். “ஜூன் கடுதாசியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒனக்கு இப்பதான் தெரியுதாக்கும்.”

தடுப்புக்கு அப்பால் இன்னொருத்தியும் இத்தனை நாளாக டட்டிலுக்காகக் காத்திருந்தாள் என்பது யோகலட்சுமிக்கு ஏனோ அழுகையைக் கொண்டுவந்தது. அவள் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி அன்று மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். இன்னும் ஐம்பத்து நாலு படம் பாக்கி. பதினொரு மணிக்குச் சிவனணைந்தபெருமாள் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு அவளருகே வந்து நின்றார். கரண்ட் பிரச்சினையா, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார். வேறு யாரையாவது உட்கார வைக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். அந்தக் கையெழுத்துகள் பழக வேறு யாருக்கானாலும் ஒரு வாரம் ஆகும் என்பது அவருக்கே தெரியும்.

“அஞ்சாவது விண்ணப்பம் எழுதப் போறதில்ல அண்ணாச்சி” என்றாள். “சர்ட்டிபிகேட் தாங்க. தட்டுதேன்.”

பதினேழு பேரும் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பு இரண்டு பிள்ளைகள் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான், அவர்கள் பாதியில் விட்ட பெட்டி திரும்பி வந்து ஆறு மாதம் வேலையே இல்லாமல் கிடந்தோம் என்று நிதானமாகச் சொன்னார். அது பொய்யில்லை. பிறகு எழுந்துபோய், பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். அதை அவளிடம் தராமல் தடுப்பருகே மேசை மேல் வைத்து, தன் கையையும் அதன் மேலேயே வைத்திருந்தார்.

“திங்கக்கிழம காட்டிட்டு, செவ்வாய்க்கிழம பத்து மணிக்கு இந்த உறை இங்கன இருக்கணும். அதுக்கு ஒரு ஆளு பொறுப்பு ஏத்துக்கிடணும்” என்றவர் அஃப்ரின் பக்கம் திரும்பினார். “நீ கையெழுத்துப் போடுதியா? இவ வரலைன்னா ஒன் காலேஜ் சர்ட்டிபிகேட் இங்கனதான் கெடக்கும். தம்மாமுக்கு ஆசிப் கேட்டாலும் கெடையாது.”

வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அஃப்ரின் எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்தாள். யோகலட்சுமி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் சொல்லவில்லை. சொல்லாததை எண்ணி அவளுக்குக் காது சுட்டது. உறை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திங்கட்கிழமை எல்லாம் சரியாக நடந்தால், வேலைக்கான கடிதம் வரும்போது மறுபடியும் இந்த அசல்கள் வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை இதே மேசையில் வைத்துவிட்டால், பிறகு எந்தப் படத்தில் வேலையை நிறுத்திக் கேட்பது?

“செவ்வாய்க்கிழம வருவேல்லா?” என்று கேட்டாள் அஃப்ரின். கேட்டபோது அவள் உறையைப் பார்க்கவில்லை. யோகலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

“வருவேன்.”

அஃப்ரின் கையெழுத்துப் போட்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். பாக்கியை ஐந்து மணிக்குள் முடிக்கச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

யோகலட்சுமி உறையைப் பையில் வைத்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நூற்று எண்பத்தேழாவது படத்துக்குத் திரும்பினாள். நீதிபதியின் எழுத்து தெளிவாகவே இருந்தது. இவ்விளைஞன் ஏழை, அதிகம் பேசாதவன், கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறியதில்லை என்பதற்கு நான் சாட்சி. எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு போனாள். சாட்சி என்ற சொல்லுக்கு வந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றிருப்பது தெரிந்தது. அவளும் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அஃப்ரின் மறுபடி தட்டத் தொடங்கினாள்.