பெரிய கிராணியின் ஒரு மைல்

காஜா பெராங் என்ற வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் சினம் கொண்ட யானை என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் குடியிருந்த சேதுபதிக்கு யானையின் உடம்பு இருந்தது. சினம் மட்டும் இல்லை. மதகு, கால்வாய் மற்றும் இதர இலாகாவில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர் உத்தியோகம். முப்பத்தொரு வருடமாக ஒரே நாற்காலி. பிரம்பு பின்னிய இருக்கை, சாய்மானத்தில் வெள்ளைக்கார ராஜாவின் கிரீடம். காலை எட்டு மணிக்கு மூன்று சக்கர டிரைஷாவிலிருந்து இறங்கி அதில் உட்கார்ந்தால் மாலை நாலு மணிக்கு எழுந்து மறுபடி டிரைஷாவில் உட்காருவார். நடுவில் எப்போதாவது எழ நேர்ந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துகொள்ளும். பியூன் அலி அக்பர் ஓடி வந்து இரண்டையும் பிரித்து வைப்பார்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. பிரம்புப் பின்னலின் எட்டு மூலைக் கண்கள் அவர் பின்புறத்தில் வரிசை தப்பாமல் பதிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில்கூட அழிவதில்லை. அவர் மனைவி பாக்கியலட்சுமி அதற்கு வைத்த பெயர் சர்க்கார் முத்திரை.

ஐம்பத்தேழாம் வருடம் பிறந்தபோது சேதுபதிக்கு ஒரே ஒரு கவலைதான். ஜூன் முப்பதாம் தேதி வயது ஐம்பத்தைந்து முடிகிறது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளோ ஆகஸ்டு முப்பத்தொன்று. நடுவில் அறுபத்திரண்டு நாள்.

"முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் நாட்டு நாற்காலியில உக்காந்துட்டேன், பாக்கியம். ஒரே ஒரு நாள் நம்ம நாட்டு நாற்காலியில உக்காந்துட்டு எழுந்தாப் போதும்."

"உக்காருவீங்க. எழுந்திரிக்கிறதுதானே உங்களுக்கு வராது!"

பணி நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார். மருத்துவரிடம் தேற வேண்டும் என்று பதில் வந்தது. அரசாங்க மருத்துவர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அவர் இருந்த கட்டடத்தின் வாசலில் மூன்று படி. மூன்றாவது படியில் சேதுபதிக்கு விட்ட மூச்சு திரும்பி வரவில்லை. உள்ளே போய் ரத்த அழுத்தம் பார்த்தபோது கருவியின் முள் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

"இது என்ன காணும், ஆரோ சல்லடையால அடிச்ச மாதிரிக் கிடக்கு?"

"நாற்காலிங்க, சார்."

மருத்துவர் கோப்பில் 'அங்க அடையாளம்: இருக்கைப் பிரம்பின் அச்சு' என்று எழுதிக்கொண்டார். பிறகு அரசாங்கத் தாளில் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். "ஒரு நாளைக்கு ஒரு மைல் நடவும். கோப்பியில போடுற பாலைக் குறையும். ஜூன் மாசம் திரும்பி வாரும். இந்த உடம்போட வந்தீரெண்டால் நான் கையெழுத்து வையேன்."

"மலாய்க்காரங்க காத்தைத் திங்கப் போறேன்னு சொல்லிட்டு நடக்கப் போறாங்க. நம்ம ஆளுங்க காத்து வாங்கப் போறேன்னு போறாங்க. நீங்க திங்கவும் இல்ல, வாங்கவும் இல்ல" என்றாள் பாக்கியலட்சுமி. "சாயங்காலம் அப்படியே பாலம் வரைக்கும் போயிட்டு வாங்களேன்."

சேதுபதி சீட்டை விளக்கடியில் பிடித்துப் படித்தார். மேலே கிரீடம். கீழே முத்திரை. ஆக, இது சர்க்கார் உத்தரவு. சர்க்கார் உத்தரவைச் சர்க்கார் நேரத்தில், சர்க்கார் தரையில்தான் நிறைவேற்ற வேண்டும். நாலு மணிக்கு மேல் நடந்தால் அது சொந்த நடை, கணக்கில் சேராது. முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியதில்லை.

மறுநாள் அடிக்கோல் வைத்து அளந்தார். மேசையிலிருந்து கோப்பு அலமாரிக்குப் பதினோரு அடி. இருநூற்று நாற்பது தடவை போய்த் திரும்பினால் சரியாக ஒரு மைல். வெறுங்கையோடு நடந்தால் வேலை நேரத்தில் உலாத்துகிறார் என்று பேச்சு வரும். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோப்பை எடுத்துவந்து, படித்து, பதில் எழுதி, திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

முதல் நாள் பன்னிரண்டு நடையில் நாக்குத் தள்ளியது. பிப்ரவரியில் நூறு தாண்டினார். ஏப்ரலில் இருநூற்று நாற்பதும் முடிந்து, காலுக்கு இன்னும் வேண்டும் போலிருந்தது. சிமெண்டுத் தரையில் மாட்டுவண்டித் தடம் போல இரண்டு பள்ளம் விழுந்தது. அலமாரியில் தேங்கிக் கிடந்த வேலையோ அடிவரைக்கும் தீர்ந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ஒரு மதகு கேட்டு குருபோங் பக்கத்திலிருந்து வந்த மனு அடித்தட்டில் அகப்பட்டது. சேதுபதி உடனே அனுமதி அனுப்பினார். மதகும் கட்டியாயிற்று. அந்தக் கால்வாய் இதற்குள் அரை மைல் தள்ளிப் போய்விட்டிருந்தது வேறு விஷயம். மதகு இருப்பது தெரிந்து திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

உடம்பு கரைந்தது. இடுப்பு வாரில் புதிதாக ஆறு ஓட்டை போட வேண்டி வந்தது. பாக்கியலட்சுமி ஞாயிறுதோறும் முத்திரையைப் பரிசோதித்தாள். "இன்னைக்கு நாப்பது கண்ணுதாங்க தெரியுது." "இந்த வாரம் ஒம்பது." மே மாத நடுவில், "அட, மொழுமொழுன்னு ஆயிருச்சே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. போகாத இடம் வாசல் பெஞ்சு. கோப்பு தூக்கித் தூக்கி வேப்பங்குச்சியாக இருந்த அலி அக்பருக்கு இப்போது வேலையே இல்லை. காலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் மாலைவரை உட்கார்ந்தபடி இருந்தார். சேதுபதி இழந்த சதையெல்லாம் வெளியே எங்கும் போகாமல் அந்த அறையைத் தாண்டி அலி அக்பர் மேலேயே ஏறிக்கொண்டது. ஒரு நாள் தும்மினார். சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவர்க் கடிகாரத்தில் பட்டு, கடிகாரம் பத்து இருபதில் நின்றது.

அன்றைக்குத்தான் அவர் எழுந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார். எழுந்து வரவே இரண்டு நிமிடம் பிடித்தது.

"பெரிய கிராணி, நீங்க தினம் நடக்கிறீங்களே, அது யாரோட நடை?"

"என் காலால நான் நடக்கிறேன், பாய். இதுல யாரோட நடைன்னு என்னா கேள்வி?"

"கால் உங்களுது. நடை என்னுது. சர்க்கார் எனக்குக் குடுத்த நடை. இருவத்தாறு வருஷமா நான் நடந்த நடையை நீங்க எடுத்துட்டீங்க. வீட்ல பீவி கேக்குறா, 'என்னாங்க, உங்களுக்கும் கிராணி உத்தியோகம் குடுத்துட்டாங்களா, தொந்தி வந்துருச்சே'ன்னு. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டுது. யூனியன்ல எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

சேதுபதிக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் வேலையில் கை வைத்தவர் என்று இதுவரை அவர் பெயர் எழுதப்பட்டதில்லை. "மூணு வாரம் பொறுங்க, பாய். பரீட்சை முடியட்டும். அப்புறம் உங்க நடையை ஒரு அடி குறையாமத் திருப்பிக் குடுத்துடுறேன். எழுத்து மூலமா வேணும்னாலும் தர்றேன்."

"எழுத்து மூலமாவே குடுங்க" என்றார் அலி அக்பர். கிராணியிடம் இருபத்தாறு வருடம் இருந்தவர் அல்லவா.

ஜூன் மாதம் மருத்துவரிடம் போகவேண்டிய நாள் வந்தது. பரிசோதனைக்குப் போகிறவர் தன் கோப்பைத் தானே கொண்டுபோகக் கூடாது, பியூன்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அலி அக்பர் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். இரண்டு மிதி மிதித்தார். மூன்றாவது மிதியில் சைக்கிள் நின்றது, அவர் சாய்ந்தார். மணி மூன்றேகால். நாலு மணிக்கு மருத்துவர் எழுந்துவிடுவார்.

"பாய், கோப்பை நீங்க விடாதீங்க. பின்னால ஏறி உக்காருங்க."

சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். பின்னால் கோப்பு அலி அக்பர் மடியில், விதி தவறவில்லை. மருத்துவர் இருந்த மேட்டில் சைக்கிள் ஏறிய வேகத்தில் எதிரே இறங்கிய வாடகைக் கார் ஒதுங்கி வழி விட்டது.

சேதுபதி சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு, கூப்பிடும்வரை காத்திருப்பதுதானே முறை என்று வெளியே நின்றார். அலி அக்பர் கோப்போடு உள்ளே போனார். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கே மூன்று படியில் மூச்சு முட்டியது. பேச வாய் வரவில்லை. மருத்துவர் முகத்தைப் பார்க்காமல் தொந்தியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், படுக்கையைக் காட்டினார்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த பொன்னுதுரை தலையை ஆட்டினார். "உம்மட பெரிய கிராணி தேற மாட்டார். ஆறு மாசத்துக்கு முதல் சொன்னனான், கேக்கேல்ல. சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வந்தீர் நீர்தானே? உம்மைப் போல உடம்பை வைச்சிருந்தால் அந்தாளுக்கு இந்த நிலை வருமோ?"

"சார், நான்தான் பெரிய கிராணி. அவர் பியூன்."

"என்னோட விளையாடாதையும், காணும். மேட்டில சைக்கிள் மிதிக்கிற பெரிய கிராணியை இந்த மலாயா முழுக்கத் தேடினாலும் காணேலாது."

கோப்பைப் பிரித்தார். அங்க அடையாளம். சேதுபதி உள்ளே போய்க் குப்புறப் படுத்தார். ஒரு கண்கூட இல்லை. உடம்பு தேறியதற்கு எது சாட்சியோ அதுவே ஆள் மாறாட்டத்துக்கும் சாட்சியாகிவிட்டது. நாடித் துடிப்பு ஒழுங்கு. அழுத்தம் இளவட்டத்தின் அழுத்தம். "இந்த உடம்பு தேறிவிட்டுது. ஆனால் இது ஆரின்ர உடம்பு எண்டு நான் எழுதிறது?" மணி நாலாகப் பத்து நிமிடம். அறுபத்திரண்டு நாளும் சேதுபதி கண் முன்னால் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போயின.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். "முகத்தைப் பாத்தால் பொய் சொல்லுறவர் மாதிரித் தெரியேல்ல. சரி, போகட்டும்." படிவத்தை எடுத்துத் தேறியவர் என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை ஊன்றினார்.

"சார், பொறுங்க" என்றார் சேதுபதி.

"என்ன?"

"இந்தப் படிவம் செல்லாது, சார். போன நவம்பர்லயே மாத்தியாச்சு. அதோட கார்பன் தாளைத் தலைகீழா வெச்சிருக்கீங்க. மை முன்தாள் முதுகுல ஏறிடும். ரெண்டாம் பிரதி வெள்ளையாத்தான் வரும்."

பேனா நின்றது. "நான் கையெழுத்து வைச்சால் உமக்கு உத்தியோகம். இப்ப நிப்பாட்டினால் நாலு மணி ஆகிப்போகும். தெரியுமோ?"

"தெரியும், சார்." சேதுபதியின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "ஆனா படிவம் தப்பு, சார்."

பொன்னுதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஜன்னலில் இருந்த புறா இரண்டு பயந்து பறந்தன. "ஐயோ, இது பெரிய கிராணியேதான்! வேற ஒருத்தனாலயும் இது ஏலாது." சேதுபதி தன் அலுவலக அலமாரியைக் கழுவித் துடைத்ததில் கிடைத்த புதுப் படிவங்கள் மூன்று பிரதியாகக் கோப்பின் கடைசியில் இருந்தன. நாலு மணிக்கு இன்னும் மூன்றே முக்கால் நிமிடம் மிச்சம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. அலி அக்பருக்கும் அரசாங்கத் தாளில் ஒரு சீட்டு கிடைத்தது: ஒரு நாளைக்கு ஒரு மைல்.

இரண்டு உத்தரவு, ஒரே அலமாரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடக்கும்போதே ஒப்பந்தம் ஆயிற்று. காலை நடை அலி அக்பருடையது. மாலை நடை சேதுபதியுடையது. பற்றாக்குறையைக் காஜா பெராங்கிலிருந்து அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து நடந்து ஈடுகட்டுவது. சேதுபதி அதைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டார். அலி அக்பர் நகல் வாங்கிக்கொண்டார்.

மெர்டேக்கா வந்தது. கொடி மாறியது. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள் இருவரும் நடந்தே வந்தார்கள். நாற்காலியின் கிரீடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். சேதுபதி தோள்துண்டால் இருக்கையைத் தட்டி மெதுவாக உட்கார்ந்து கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து உள்ளே மேலதிகாரியின் அறையில் மணி அடித்தது. புது நாட்டின் முதல் கோப்பைக் கேட்கிறார்கள். பழக்கத்தில் கால் தானாக எழுந்தது.

"உக்காருங்க, பெரிய கிராணி!" அலி அக்பர் வாசலிலிருந்து பாய்ந்து வந்தார். "காலை நடை என்னுது. எழுத்து மூலமா இருக்கு."

உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பகல்வரை உட்கார்ந்தே இருந்தார்.

அடுத்த ஞாயிறு எண்ணெய் தேய்க்கும்போது பாக்கியலட்சுமி கத்தினாள். "என்னாங்க இது, மறுபடியும் நாலு கண்ணு வந்துருச்சு!"

"இருக்கட்டும், பாக்கியம், அழிச்சிடாதே" என்றார் சேதுபதி. "பழசு வெள்ளைக்காரன் முத்திரை. இது நம்ம சர்க்கார் முத்திரை."