கூடுதலாக ஒரு எக்ஸ்

கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அந்த ஏழு வருஷமும் ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் மருமகளுக்குத்தான். சட்டை கம்பெனியில் காலர் தைப்பவள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி நிற்பாள். பஸ் ஓட்டும் புருஷனுக்கு ஒரு டெஸ்ட் என்றால் மட்டும் மாமியார் சாமியாடிவிடுவாள். "என் புள்ளைக்கு என்னடி குறைச்சல்?"

புது டாக்டரம்மா விடவில்லை. அவனுக்கும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துப் புட்டுப்புட்டு வைத்தார்.

"ஆம்பளைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்ணு, ஒய் ஒண்ணு இருக்கும். இவருக்கு எக்ஸ் ஒண்ணு கூடுதலா இருக்கு. அதனாலதான் விந்தணு இல்ல. கரு உருவாகும்போதே தற்செயலா நடந்தது, யார் தப்பும் இல்ல. இவர் ஆம்பளைதான், அதுல சந்தேகமே வேண்டாம். வழி இருக்கான்னு அடுத்து பார்க்கலாம்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் முகமோ பேயறைந்த மாதிரி இருந்தது. பாவம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவன் வாயைத் திறந்தான். "வீட்ல சொல்லிடாத. குறை உன் பேர்லயே இருக்கட்டும். உனக்குத்தான் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சே."

பிடித்த கையை உதறினாள். பழகிவிட்டதாம்! மலடி என்ற சொல் எவளுக்காவது பழகுமா?

செருப்பைக் கழற்றும் முன்பே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "என்னவாம்? உன் வயிறு திறக்குமாமா, இல்ல, என் புள்ளைக்கு வேற பொண்ணு பார்க்கட்டுமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். அவ்வளவுதான், டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் போட்டு உடைத்தாள்.

முதலில் பேசியது புருஷன்தான், பெற்றவளைப் பார்த்து. "என்னை வயித்துல வச்சிருந்தப்போ என்னத்தம்மா தின்னு தொலைச்ச?"

மாமியார் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். தேளாகக் கொட்டிய வாய்க்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது புருஷன் மேல்தான்.

"யார் தப்பும் இல்லன்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா உங்களுக்கு? என் தலையிலிருந்து இறக்கினதை ஏத்தி வைக்க வீட்ல இன்னொரு பொம்பளை வேணுமா?"

பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"எழுந்திரிங்க அத்தை. நீங்க ஒண்ணும் பண்ணல."

மாமியார் தலை நிமிரவில்லை. மெதுவாகக் கேட்டாள். "அப்போ நீயும் ஒண்ணும் பண்ணலதானேம்மா?"

"இதைக் கேக்க உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சா அத்தை?" என்றாள் அவள்.